பழைய மர அலமாரிக்குத் தேய்ந்த பெயிண்ட் தோற்றம் கொடுப்பது எப்படி?

கேள்வி இது: நான்கு டிராயர் வைத்த பழைய மர அலமாரி. வார்னிஷ் கருத்துப்போய்ப் பிசுபிசுக்கிறது. வெளிர் நிறம் அடித்து, ஓரங்களில் பெயிண்ட் தேய்ந்து உள்ளே மரம் தெரிகிற மாதிரி, பல காலம் புழங்கிய சாமானாக அதை மாற்ற வேண்டும். வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் பெயிண்ட் தேயாமல் பட்டை பட்டையாக உரிந்து வருகிறது. தேய்க்காத இடங்களில் மஞ்சள் கறை மேலே கசிந்திருக்கிறது. எங்கே தவறு, இனி என்ன செய்வது?

முதலில் அந்த இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். எமல்ஷனில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிலிக் பிசின். அது காய்ந்ததும் ஒரே படலமாக, பிளாஸ்டிக் தன்மையோடு நிற்கும். உப்புத்தாளின் உரசல் சூட்டில் இளகும். அடியில் பிசுபிசுத்த வார்னிஷும் பழைய பாலிஷின் மெழுகும் இருந்தால் படலம் மரத்தைப் பற்றவே இல்லை என்று அர்த்தம். ஒரு முனை கிளம்பினால் முழுசாக வந்துவிடும். மஞ்சள் கறை வேறு கதை. ஓக், மஹோகனி, செடார் போன்ற மரங்களில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பழைய சாமான்களில் மரத்துக்கு ஏற்றிய சாயமும் இருக்கும். தண்ணீரில் கரைத்த பெயிண்ட் பட்டவுடன் இவை கரைந்து மேலே ஏறும். எத்தனை கோட் அடித்தாலும் கறை திரும்ப வரும், ஏனென்றால் ஒவ்வொரு கோட்டும் புதிதாகத் தண்ணீர் கொண்டுவருகிறது.

ஆக, பெயிண்ட் சரியில்லை என்பதைவிட, அதற்கு அடியில் செய்ய வேண்டிய வேலை விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் சரி. உரிந்ததை எல்லாம் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். சாமான் பாழாகிவிடவில்லை.

தொடங்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா? நல்ல தேக்கு, ஈட்டி, வால்நட் என்றால் நான் அடிக்க மாட்டேன். பிசுபிசுத்த வார்னிஷை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெயோ அரக்கோ (ஷெல்லாக்) பூசினால் அந்த ரேகை ஒன்றே போதும். கைவேலை நிறைந்த, உண்மையிலேயே பழமையான பொருள் என்றால் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் தொடவே கூடாது. பெயிண்டை ஏற்றுவது ஒரு நாள் வேலை. ரேகைக்குள் இறங்கிய வெள்ளையை வெளியே எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பைன், பிர்ச், ரப்பர் மரம் போன்ற சாதாரண மரம், ஒட்டுப்போட்டுச் சரிசெய்த சாமான், பல மரங்கள் கலந்து செய்த சாமான், இவைதான் இந்த வேலைக்கு ஏற்றவை. இந்தத் தோற்றத்தின் மூலமே அப்படிப்பட்டதுதான். 1771 முதல் 1792 வரை ஸ்வீடனை ஆண்ட மூன்றாம் குஸ்தாவ் மன்னர் காலத்தில் பைனிலும் பிர்ச்சிலும் செய்து, சாம்பல் கலந்த வெள்ளை, வெளிர் நீலம் பூசிய சாமான்கள் இன்றும் இந்த வேலைக்கு முன்மாதிரியாக இருக்கின்றன. ரேச்சல் ஆஷ்வெல் 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ‘ஷாபி சிக்’ என்ற கடையைத் திறந்தபின் இதற்கு உலகம் முழுக்க ஒரு பெயரும் கிடைத்தது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தாண்டிப்போக வேண்டாம். உங்கள் அலமாரியில் வார்னிஷுக்கு அடியிலோ உள்பக்கத்திலோ பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அது மிகவும் பாதிக்கும். தேய்த்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன. ஈயம் இருக்கிறது என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் தீராவிட்டால், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், தீயோ சூட்டுத் துப்பாக்கியோ காட்டாதீர்கள். பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைக் கிளறாமல் மேலே அரக்கு பூசி மூடிவிடலாம், ஆனால் பிற்பாடு அந்த அடுக்குவரை தேய்க்கக் கூடாது. தேய்ந்த தோற்றத்தை அதற்குமேல் அடிக்கும் இரண்டு நிறங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இனி வேலை. டிராயர்களை வெளியே எடுத்துப் பின்பக்கம் எண் போட்டு வையுங்கள். பழைய சாமானில் ஒவ்வொரு டிராயரும் அதன் பொந்துக்கென்றே இழைத்தது, இடம் மாற்றினால் சிக்கும். கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மரத்தில் சிறு துளைகள் இருந்து, அவற்றுக்குக் கீழே மாவு மாதிரி புதுத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது. போரான் உப்புக் கரைசலைப் பூசிக் காயவிட வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். பெயிண்டையும் வார்னிஷையும் தாண்டி அது மரத்துக்குள் இறங்காது, அதனால் பூச்சே இல்லாத உள்பக்கம், அடிப்பக்கம், துளை வாய்கள் வழியாக ஊறவிடுங்கள். ஆடுகிற மூட்டுகளில் பழைய பசைமேலேயே வெள்ளைப் பசையை ஊற்றினால் பிடிக்காது. பழைய பசையைச் சுரண்டி மரம் தெரியும்வரை சுத்தம் செய்து, அப்புறம் ஒட்டிக் கிளாம்ப் போடுங்கள். மிகப் பழைய சாமான் என்றால் அது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசையாக இருக்கும், வெந்நீர்த் துணி வைத்தால் இளகிவிடும்.

அடுத்தது கழுவுதல். இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் சோப்புக் கரைசலில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துக் காயவிடுங்கள். பிறகு டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒருமுறை. பழைய மெழுகு இதில்தான் போகும். கைப்பிடியைச் சுற்றியுள்ள இடத்தைக் கூடுதலாகத் துடையுங்கள், பல வருட விரல் எண்ணெய் ஊறியிருப்பது அங்கேதான். அதற்கப்புறமும் வார்னிஷ் பிசுபிசுத்தால் அது அழுக்கு இல்லை, வார்னிஷே செத்துவிட்டது. அதை எடுத்தாக வேண்டும். என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ள, மறைவான இடத்தில் ஒரு துளி மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். இளகிக் கரைந்தால் அரக்கு, ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம். இளகாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ பாலியூரித்தேனோ, அதற்குப் பெயிண்ட் ரிமூவர் வேண்டும். பூச்சு கெட்டியாக இருந்தால் எடுக்கத் தேவையே இல்லை. 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை லேசாகத் தேய்த்தால் போதும். முகப்பு வெனீரா, அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடா, என்று மட்டும் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும், மெஷின் வைத்துத் தேய்த்தால் நொடியில் ஓட்டை.

இப்போது கறையை அடைக்கும் பூச்சு. கறை தடுக்கும் வெள்ளை பிரைமர் அடிக்கச் சொல்லித்தான் பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது பொருந்தாது. பிற்பாடு ஓரத்தைத் தேய்க்கும்போது முதலில் தெரியப்போவது மரம் இல்லை, அந்தப் பிரைமரின் வெள்ளைக் கோடுதான். அது தெரிந்த நொடியில் பழமை என்ற நம்பிக்கை உடைந்துவிடும். அதனால் நிறமில்லாத அரக்கு, அதாவது மெழுகு நீக்கிய ஷெல்லாக், பூசுங்கள். சில்லுகளாக வாங்கினால் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அளவில் இரவே ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளலாம். மெல்லிய கோட் இரண்டு, கணுக்கள்மேல் ஒன்று கூடுதல். அரக்கு தண்ணீரில் கரையாது, ஆகவே டானினும் சாயமும் அதைத் தாண்டி வராது. மேலே எந்தப் பெயிண்டும் நன்றாகப் பற்றும். மெழுகு நீக்காத அரக்கின் மேல் சில பெயிண்ட்கள் சரியாக ஒட்டுவதில்லை, வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பூசுங்கள்.

பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து, எங்கெங்கே தேய வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான் என்பேன். பெயிண்ட் தானாகத் தேய்வதில்லை. கை படுகிற இடம் தேயும், கால் இடிக்கிற இடம் தேயும், துடைப்பமும் ஈரத்துணியும் உரசுகிற இடம் தேயும். டிராயர் அலமாரியில் அது எங்கே? கைப்பிடியைச் சுற்றி, அதுவும் விரல் நுழைகிற பக்கம் அதிகமாக. டிராயரின் மேல் விளிம்பு. மேல்பலகையின் முன் ஓரம், குறிப்பாக மனிதர் நின்று சாய்கிற நடுப்பகுதி. முன் இரண்டு கால்களின் அடி. சாவித் துவாரத்தின் ஓரம். இவ்வளவுதான். அடிக்கடி திறக்கும் மேல் டிராயர் அதிகம் தேயும், குனிந்து திறக்க வேண்டிய கடைசி டிராயர் கொஞ்சமாகத்தான் தேயும். வலது கை பழக்கமுள்ளவர்கள் புழங்கிய சாமானில் வலது பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. நாற்காலி என்றால் உட்காரும் பலகையின் முன் விளிம்பு, கால் வைத்துக்கொள்ளும் குறுக்குச் சட்டம், கைப்பிடியின் முனை, பிடித்து இழுக்கிற முதுகுச் சட்டத்தின் மேல்பகுதி.

உள்மூலையும் செதுக்கலின் பள்ளமும் தேயவே தேயாது. அங்கே அழுக்குத்தான் சேரும். மேடான இடம் தேயும், பள்ளம் கருக்கும். இந்த ஒரு நடைமுறையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். எல்லா ஓரத்தையும் ஒரே அகலத்துக்குச் சுற்றிவரத் தேய்த்த சாமான்களை நிறையப் பார்க்கலாம். பார்த்தவுடன் தெரிந்துவிடும், அது பயன்பட்டுத் தேய்ந்தது இல்லை என்று. சங்கிலியால் அடித்துப் பள்ளம் விழவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. உண்மையான அடி இரண்டு மூன்று ஏற்கெனவே அந்த மரத்தில் இருக்கும். அவற்றைப் பட்டி வைத்து மூடாமல் விட்டாலே போதும்.

எந்தப் பெயிண்ட்? தேய்க்கிற வேலைக்குத் தூளாக உதிர்கிற பெயிண்ட் வேண்டும். சாக் பெயிண்ட் அப்படிப்பட்டது. 1990இல் பிரிட்டனில் ஆனி ஸ்லோன் இதை உருவாக்கினார், இப்போது பல நிறுவனங்கள் அதே வகையைச் செய்கின்றன. சுண்ணாம்புப் பொடித்தன்மை அதிகம் என்பதால் மங்கலாகக் காயும், உப்புத்தாளுக்கு மாவாக உதிரும். உங்களிடம் மிச்சமிருக்கும் எமல்ஷனையே ஓரளவு இப்படி மாற்றலாம். மூன்று பங்கு எமல்ஷனுக்கு ஒரு பங்கு கால்சியம் கார்பனேட் பொடி எடுத்து, பொடியை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு கலக்குங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் உதவும், ஆனால் அது சீக்கிரம் இறுகிவிடும், அப்போதைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். மங்கலான, அதாவது பளபளப்பில்லாத, எமல்ஷனாக இருந்தால்தான் நன்றாக வரும்.

இதைவிடப் பழைய வழி பால் பெயிண்ட். பாலிலுள்ள கேசீன் புரதம், சுண்ணாம்பு, நிறப்பொடி மூன்றும் சேர்ந்தது. தூளாகக் கிடைக்கும், தண்ணீர் கலந்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெறும் மரத்தில் அடித்தால் ஊறிப்போய் ஒருபோதும் உரியாது. பழைய வார்னிஷ் மேல் அடித்தால் காயும்போதே அங்கங்கே தானாகச் செதில் செதிலாகக் கிளம்பும். எந்த இடம் கிளம்பும் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. அந்தச் செதில்கள் எந்த உப்புத்தாளாலும் செய்ய முடியாத இயல்போடு இருக்கும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் முதல் சாமானுக்கு இது வேண்டாம், சாக் பெயிண்டில் தொடங்குங்கள்.

நிறம் இரண்டாக இருக்கட்டும். பழைய வீட்டுச் சாமான்கள் பலமுறை நிறம் மாறியவை. ஓரத்தில் மரம் மட்டும் தெரிவதைவிட, மரம், அதைச் சுற்றி மெல்லியதாக ஒரு பழைய நிறம், அப்புறம் மேல்நிறம் என்று தெரிந்தால் ஆழம் வரும். மேலே சாம்பல் கலந்த வெள்ளை என்றால் அடியில் காவிச் சிவப்போ மங்கிய நீலமோ பச்சையோ வைக்கலாம். சுத்தமான பால்வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள், பழைய வெள்ளை எதுவும் அப்படி இருக்காது. ஒரு சொட்டு மஞ்சள் காவியும் அதில் பாதி கறுப்பும் கலந்தால் போதும்.

அடி நிறம் ஒரு கோட், மரம் அங்கங்கே தெரிந்தாலும் பரவாயில்லை. காய்ந்ததும் சாக்பீஸால் குறித்த இடங்களில் மட்டும் ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். அரக்கு பூசியபோதே, மரம் தெரிய வேண்டிய ஓரங்களில் ஒருமுறை மெழுகு தேய்த்திருந்தால் இன்னும் நல்லது. மேல்நிறம் இரண்டு கோட் மெல்லியதாக. காய்ந்தபின் மழுங்கிய பட்டி பிளேடைக் கிடைமட்டமாக வைத்துச் சுரண்டினால் மெழுகு உள்ள இடத்தில் மட்டும் பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்து வரும். மெழுகுக்குப் பதில் வாசலினும் தடவுவார்கள். அது மேல்பூச்சுக்குள் எண்ணெயாகப் பரவுவதால் எனக்குப் பிடிப்பதில்லை. சுரண்டிய ஓரங்கள் கூராக இருக்கும், அவற்றை 220 எண் உப்புத்தாளால் நீவிவிடுங்கள். கட்டையில் சுற்றாமல் கையில் மடித்துப் பிடித்தால் தாள் மேடு பள்ளத்தோடு இசைந்து போகும்.

சாக் பெயிண்ட் என்றால் தூசியே இல்லாத வழியும் உண்டு. அடித்த மறுநாளைக்குள், மெழுகோ வார்னிஷோ போடும் முன், பிழிந்த ஈரத்துணியால் ஓரத்தைத் தேய்த்தால் பெயிண்ட் கரைந்து வழுவழுப்பாக மங்கும். கை பட்டுத் தேய்ந்த மாதிரி மென்மையான விளிம்பு வேண்டுமென்றால் இதுதான். கைப்பிடியைச் சுற்றி ஈரத்துணி, கால்களின் அடியில் மெழுகும் பிளேடும் என்று கலந்து செய்யுங்கள். கை தேய்ப்பதும் கால் இடிப்பதும் ஒரே அடையாளத்தை விடுவதில்லை.

தேய்க்கும்போது நடக்கும் ஒரு விஷயம்: பெயிண்டைத் தாண்டி, மரத்தின் சாயத்தையும் தாண்டி, வெளிறிய புது மரம் எட்டிப்பார்க்கும். நிஜத்தில் அப்படித் தெரியும் மரம் விரல் எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கருத்திருக்கும். அந்த இடங்களில் மட்டும் சிறு பிரஷால் பழுப்பு மரச்சாயமோ கெட்டியான டீ டிகாக்‌ஷனோ தொட்டுத் துடைத்துவிடுங்கள். உங்கள் அலமாரி மரமே இல்லாமல் மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை என்றால் பெயிண்டுக்கு அடியில் அட்டை மாதிரிப் பழுப்புத்தான் வரும். அதில் அடி நிறத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வெடிப்பு விட்ட தோற்றம் வேண்டுமானால் இரண்டு நிறத்துக்கும் நடுவே வெள்ளைப் பசை ஒரு கோட் பூசி, அது முழுசாகக் காயாமல் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது மேல்நிறத்தை ஒரே இழுப்பில் அடிக்க வேண்டும். திரும்ப பிரஷ் போட்டால் குழம்பிவிடும். பசை தடித்தால் பெரிய வெடிப்பு, மெலிந்தால் மெல்லிய கோடு. முழு அலமாரிக்கும் செய்யாதீர்கள். வெயில் படக்கூடிய ஒரு பக்கப் பலகையில் கொஞ்சம் இருந்தால் அழகு, எங்கும் இருந்தால் சலிக்கும்.

கடைசியாக மேல்பூச்சு. பக்கங்களுக்கும் டிராயர் முகப்புக்கும் மெழுகுதான் என் தேர்வு. முதலில் நிறமில்லாத மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, அதன்மேல்தான் கருப்பு மெழுகு. நேரடியாகக் கருப்பு மெழுகு போட்டால் பெயிண்ட் அதை உறிஞ்சித் திட்டுத் திட்டாகிவிடும், எடுக்கவும் முடியாது. கருப்பு மெழுகைப் பள்ளங்களில் மட்டும் பிரஷால் திணித்து, மேட்டில் பட்டதை நிறமில்லாத மெழுகு தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். மெழுகு சூட்டையும் தேங்கிய தண்ணீரையும் தாங்காது. ஆகவே மேல்பலகையில் டம்ளரோ சூடான பாத்திரமோ வைப்பீர்கள் என்றால் அங்கே மட்டும் தண்ணீர்வழி பாலியூரித்தேன், பளபளப்பில்லாத வகை, மூன்று மெல்லிய கோட். எண்ணெய்வழி வார்னிஷ் வெளிர் நிறத்தை மஞ்சளாக்கிவிடும். மெழுகுவர்த்தி வேலை செய்த இடங்களை அதற்கு முன் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட வேண்டும், மெழுகின் மேல் எந்த வார்னிஷும் நிற்காது. இடையில் தேய்க்க இரும்புக் கம்பளி வேண்டாம், உதிர்ந்த இழை தண்ணீர்வழிப் பூச்சுக்கு அடியில் துருப்பிடிக்கும்.

எங்கேயாவது ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது வெளிவிடும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டோ, தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடியோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

டிராயர் ஓடும் சட்டங்களுக்கும் டிராயரின் பக்கங்களுக்கும் பெயிண்ட் கூடவே கூடாது. ஒரு கோட்டின் தடிமனே இறுக்கிவிடும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய கைப்பிடிகளைத் தூக்கிப்போடாமல் வெந்நீரில் ஊறவையுங்கள், மேலே பூசிய பெயிண்ட் பல சமயம் அப்படியே கழன்றுவிடும். காந்தம் ஒட்டாவிட்டால் அடியில் பித்தளையாக இருக்கலாம். அதைப் பளபளவென்று தேய்த்துவிட வேண்டாம், மங்கலாகவே மாட்டுங்கள். பெயிண்டும் மெழுகும் தொட்டால் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதுவரை டிராயரில் துணி அடுக்கலாம், மேல்பலகையில் கனமான எதையும் வைக்காமல், ஈரத்துணி போடாமல், உலர்ந்த துணியால் மட்டும் துடைத்து வாருங்கள்.